இரண்டு பேர் வண்டி

புருஷனும் பெண்டாட்டியுமாக ஊர் ஊராகச் சுற்றிய கனத்த மோட்டார் சைக்கிளை அவர் ஷெட்டில் வைத்து உரித்துக்கொண்டிருந்தார். முன்கண்ணாடி போயிற்று, பக்கப் பெட்டிகள் போயின. மனைவி டீயை வைத்துவிட்டுப் போனாள். பின்சீட்டைக் கழற்றி, வண்டிச் சட்டத்தின் வால்பகுதியையும் அறுத்துத் தள்ளினார். ஏனென்று கேட்டால் கத்தித் தீர்த்துவிடலாம் என்றிருந்தார், அவள் கேட்கவில்லை. இப்போது கத்துவதற்கு அவருக்குள்ளும் ஒன்றும் மிச்சமில்லை.

ஒற்றை சீட்டைப் பூட்டி நிமிர்ந்தபோது வந்து நின்றாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஒண்ணை மட்டும் விட்டுட்டீங்க."

"என்ன?"

"பின்னாடி ஃபுட்ரெஸ்ட். இனிமே யாரு கால வைக்கப் போறா?"

வழியெல்லாம் எடுத்துக் கொடுத்துப் பழகிய கை. பெட்டியைப் பார்க்காமலே சரியான ஸ்பேனரை எடுத்து நீட்டினாள்.

அவர் வாங்கிக்கொண்டார்.