சதுப்பு நிலம்

மலைத் தேசியப் பூங்காவில் செடிகளைக் கணக்கெடுக்கும் வேலை எனக்கு. பொங்கலுக்குக் கீழ்வேளூர் பக்கம் எங்கள் ஊருக்கு வந்தபோது, பூங்காவில் உள்ள சதுப்பு ஒன்றின் போட்டோவை அப்பாவிடம் காட்டினேன். புல்வெளிக்கு நடுவே தண்ணீர் மினுங்கும் படம்.

"கோடையிலயும் தண்ணி நிக்குமா?"

"நிக்கும்பா."

"யாரு நிலம்?"

"கவர்மெண்டு."

சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. நில உச்சவரம்புச் சட்டத்தில் பண்ணையாரிடமிருந்து அரசு எடுத்த வயல் எங்கள் தெருவுக்கு வர வேண்டியது. அவர் கோர்ட்டில் தடை வாங்கிவிட்டார். போன வருடம் கொடியோடு அந்த வயலில் இறங்கியவர்களைப் போலீஸ் அடித்தது. அப்பாவின் இடது கை இன்னும் முழுதாக மடங்குவதில்லை. அதனால் மலைக்குப் போய்ப் பயிர் வைக்கலாம் என்ற யோசனை எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று.

தங்கையன் சித்தப்பா எங்கள் வாசலில் உட்கார்ந்து படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு மடை வெட்டி வடிச்சுட்டா போதும். நாத்து விட்டுடலாம்."

"யானை வருமாம்ல?" என்றார் மருதையன் மாமா.

"பண்ணையாரையே பாத்தாச்சு. யானை என்னடா யானை!"

எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து நாளாகியிருந்தது.

எனக்குக் கூட்டத்தில் பேச வராது. கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். அது வயலுக்கான மண் இல்லை. அடியில் ஆழமாகப் பாசி மக்கிக் கிடக்கிறது. மழையைப் பஞ்சு மாதிரி குடித்து, கொஞ்சம் கொஞ்சமாக ஓடைக்கு விடும். ஓடை காவிரிக்கு வரும். மடை வெட்டினால் எல்லாம் காய்ந்துவிடும். பூச்சியைப் பிடித்துத் தின்னும் செடியும், அங்கே மட்டும் வாழும் ஒரு தவளையும் அதோடு போய்விடும்.

"தவளையா?" என்றார் சித்தப்பா. "தவளைக்காகவா எங்கள வரக்கூடாதுங்கிற?"

"வந்தா ரேஞ்சர்கிட்ட நானே சொல்லிடுவேன் சித்தப்பா."

சொன்னது எல்லாருக்கும் கேட்டது.

அப்பாதான் முதலில் பேசினார். "அந்தப் புல்லு யாராச்சும் நட்டதா?"

"இல்லப்பா. தானா முளைச்சது."

"அதுக்குக் காவல் போட்டிருக்கான்." கொஞ்சம் நிறுத்தினார். "நட்டு நட்டுக் கை தேஞ்ச நமக்கு ஒரு குழி நிலம் இல்ல."

சித்தப்பா எழுந்து துண்டை உதறினார். "அப்ப பண்ணை வயல்தான். அறுப்பு முடிஞ்சு சும்மாத்தான் கிடக்கு. காலையில இறங்கிடுவோம்."

"நானும் வர்றேன்," என்றார் அப்பா.

"உங்க கை..." என்றாள் அம்மா. அவர் கேட்காதது போல இருந்தார். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

கூட்டம் கலைந்ததும் அப்பா சொன்னார்: "நீ முதல் பஸ்ஸுல கிளம்பிடு மலரு. போலீசு கேசுல உன் பேரையும் சேத்துடுவான். வேலை போயிடும்."

"நான் இருக்கேம்பா."

"இருந்து என்ன பண்ணப்போற?" என்றார். கோபமாகக்கூட இல்லை.