மெலாத்தி கை நீட்டுகிறாள்

லென்ஸுக்குள் ஒரு கை, செம்பட்டை மயிர் அடர்ந்த நீண்ட கை, கறுத்த உள்ளங்கையை விரித்துக்கொண்டு நீள்கிறது, கூண்டுக் கம்பிகள் எங்கே என்று ஒரு கணம் தேடுகிறேன், கூண்டு இல்லை, இது காடு, மலேசியாவின் சபா மாநிலத்துக் காடு, மழை விட்டும் இலைகள் சொட்டிக்கொண்டிருக்கின்றன, கிளையில் இருப்பவள் மெலாத்தி, தாயைச் சுட்டவர்களிடமிருந்து குட்டியாக மீட்கப்பட்ட ஒராங்குட்டான், இன்று அவளுக்குப் பரீட்சை. இன்னொண்ணு புடி தங்கச்சி, யோசிக்காத, என்று முகக்கவசத்துக்குள்ளிருந்து முணுமுணுக்கிறார் டாக்டர் குணசுந்தரி, ஈப்போ ஊர்க்காரர், பேச்சுக்குப் பேச்சு லா சேர்க்கும் மலேசியத் தமிழர், இந்தச் சரணாலயத்தின் மருத்துவர், என் விரலோ பொத்தான்மேல் மரத்துக் கிடக்கிறது, கோயம்புத்தூர்க் கல்யாண மண்டபங்களில் ஓயாமல் அழுத்திய விரல், மாப்பிள்ளை கொஞ்சம் சிரிங்க, பொண்ணு தலைய நிமித்துங்க, பந்தியில் இருப்பவர்களைக்கூட விட்டதில்லை, வர்ற ஆர்டரையெல்லாம் உட்டுப்போட்டு சம்பளமில்லாம கொரங்கு போட்டோ புடிக்கக் கப்பலேறிப் போறியாக்கும் என்றாள் அம்மா, கப்பலில்லம்மா வெமானம் என்றேன், ரொம்ப முக்கியம் என்றாள், அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டபோது விமான நிலையத்துக் கண்ணாடிக்கு அப்பால் இதே மழை பெய்துகொண்டிருக்கிறது, அல்லது அது நான் இங்கே வந்த முதல் நாள் மழை, மெலாத்தி இருந்த கூண்டின் தகரக் கூரையில் சடசடக்கிறது, நான் என் முதல் படத்தை எடுக்கிறேன், கிளிக், கம்பிகளுக்கு நடுவே கை நீள்கிறது, மறுபடி கிளிக், மறுபடி கை, என்னைத்தான் கேட்கிறாள் என்று பூரித்துப்போனேன், அசடு, அவள் கேட்டது கடலை.

எனக்கு முன்பு இங்கே தொண்டுக்கு வந்த படக்காரன் ஒவ்வொரு கிளிக்குக்கும் ஒரு வேர்க்கடலை கொடுத்துப் பழக்கியிருந்தான், அவளும் அழகழகாக முகம் காட்டினாள், அவன் பேர் வாங்கிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்துவிட்டான், அவளுக்கு மிஞ்சியது இந்தக் கை, படுபாவி. காட்ட ஒட்டி எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டம் இருக்கு, எவன் கையில பாத்தாலும் கேமரா, சத்தத்துக்கு இவ எறங்கிப் போனா பயந்துபோய் சுட்டுடுவானுங்க லா, என்றார் டாக்டர், அதனால் கடலை இல்லாத கிளிக்கே எங்கள் வைத்தியம், தினமும் நான் அழுத்துவேன், அவள் நீட்டுவாள், நான் வெறுங்கையோடு நிற்பேன், அந்தக் கண்கள் என் கையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கும், இரவில் கனவிலும் பார்க்கும், இன்று தரைக்கு இறங்கி வந்தால் சாகும்வரை கூண்டு, வராவிட்டால் இந்தக் காடு அவளுடையது. கேமராவுக்குள் தண்ணீர் போய்விட்டது என்று சொல்லிவிட்டால் என்ன, பரீட்சை இல்லாமலே காட்டுக்குள் போய்விடுவாள், பொய்தானே, யாருக்கு நஷ்டம், நினைக்கும்போதே மனசுக்குள் செம்பனைத் தோட்டத்தின் ஓரத்தில் எவனோ ஒருவன் கேமராவைத் தூக்குகிறான், அவன் பக்கத்தில் துப்பாக்கி, மெலாத்தி கையை நீட்டிக்கொண்டே அவனிடம் நடக்கிறாள். அழுத்துகிறேன்.

கிளிக், ஒரு கிளை இறங்குகிறாள், இன்னொண்ணு, என்கிறார் டாக்டர், கிளிக், இன்னும் ஒரு கிளை, தலைக்கு நேர் மேலே அந்தக் கை, அதன் ரேகைகள்கூடத் தெரிகின்றன, வராதே, போடி, போய்த் தொலை என்று உள்ளுக்குள் கத்துகிறேன், டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார், கடைசி, என்கிறார், கிளிக், கை அப்படியே நிற்கிறது, என் வெறுங்கையைப் பார்க்கிறாள், முகத்தைப் பார்க்கிறாள், பிறகு உதட்டைக் குவித்து முத்தம் கொடுப்பதுபோல் ஒரு சத்தம், கொஞ்சுகிறாள் என்று நினைத்துவிடாதே, எதிரியைக் கண்டால் போடும் சத்தம் அது என்று டாக்டர் எப்போதோ சொல்லியிருக்கிறார், அதை நான் நினைத்து முடிப்பதற்குள் படாரென்று ஒரு கிளை என் தோளில் வந்து விழுகிறது. எறிஞ்சிட்டா லா, நம்மளப் பாத்து எறிஞ்சிட்டா, டாக்டர் சின்னப் பிள்ளை மாதிரி என் கையைப் பிடித்துக் குலுக்குகிறார், முகக்கவசம் நனைந்துவிட்டது, எனக்குத் தோள் விண்விண் என்று தெறிக்கிறது, இதைத்தானே வேண்டிக்கொண்டேன், பிறகு எதற்கு இந்த அழுகை, அவள் ஏறுகிறாள், ஏறிக்கொண்டே இருக்கிறாள், கேமராவைத் தூக்குகிறேன், யாரும் கேட்காத படம், கிளிக், லென்ஸுக்குள் அந்தக் கை, அது என் பக்கம் நீளவில்லை, விரல்களை இறுக்கி அடுத்த கிளையை முறித்துக்கொண்டிருக்கிறது, ஓடு தங்கச்சி, இது பெருசு, என்று டாக்டர் என்னைப் பிடித்து இழுக்கிறார்.