கீழுதட்டுக் கீறலில் சிக்கல்கள் பூஜ்ஜியம்

1

இந்தக் கதை ஒரு மருத்துவமனையின் வெள்ளிவிழா மலருக்காகக் கேட்கப்பட்டது. கோவையில் அவிநாசி சாலையில் இருக்கும் மருத்துவமனை, பெயர் வேண்டாம். மலரின் முன்பாதி வாழ்த்துச் செய்தி, பின்பாதி விளம்பரம். நடுவில் இலக்கியம் கொஞ்சம் இருந்தால் கௌரவம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

கேட்டவர் வாய் அறுவை நிபுணர் டாக்டர் காளிச்சாமி. கீழுதட்டின் உட்புறத்தைச் சிறிதாகக் கீறி, அங்குள்ள குட்டி எச்சில் சுரப்பிகளில் நாலைந்தை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புகிறார். வாயும் கண்ணும் வறண்டு போகும் ஒரு நோயை உறுதிசெய்ய அது உதவும். உதட்டில் கத்தி என்றதும் ஜனங்கள் ஓடிவிடுகிறார்களாம்.

"பயம் போற மாதிரி ஒரு கதை எழுதிக் குடுங்க சார். ஹ்யூமன் டச் இருக்கோணும். காம்ப்ளிகேஷன் மட்டும் வேண்டாம்."

கதைக்குச் சொன்னாரா, உதட்டுக்குச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. இரண்டுக்கும் என்று எடுத்துக்கொண்டேன். அலுப்பாக இருந்தது.

2

தொடக்கங்கள்:

(அ) "மருத்துவ உலகின் மணிமகுடமாம் கோவை மாநகரில்...

இது டாக்டரே எழுதிக் கொடுத்தது. இதற்கு மேல் அந்த வாக்கியம் நகர மறுத்துவிட்டது.

(ஆ) "கத்தி பளபளத்தது. அவள்...

வேண்டாம். பயம் போக வேண்டிய கதை. உண்மையில் அங்கே பளபளப்பெல்லாம் கிடையாது. மரத்துப்போக ஒரு ஊசி, உதட்டை மடக்கிப் பிடிக்க ஒரு வளையக் கிடுக்கி, நகத்தளவு கீறல். அதனடியில் ஜவ்வரிசி போல உருண்டைகள். எடுத்துவிட்டு இரண்டு தையல்.

(இ) லோகப்பிரியாவால் ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை.

இதை வைத்துக்கொள்கிறேன்.

3

லோகப்பிரியாவால் ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை. கண் நன்றாகத்தான் தெரிந்தது. நூல் நுனியை உதட்டில் வைத்து ஈரப்படுத்த வாயில் ஈரம் இல்லை. அவிநாசியில் ரவிக்கை தைத்துக் கொடுக்கிறவள் அவள். முதலில் மிஷின் பக்கத்தில் ஒரு தண்ணீர்க் கிண்ணம் வந்தது. பிறகு ஒரு வாய் சோற்றுக்கு ஒரு மடக்குத் தண்ணீர் என்றானது. பார்த்த டாக்டர்களில் ஒருவர் டென்ஷன் என்றார். ஒருவர் வயசு என்றார். ஒருவர் யோகா எழுதிக் கொடுத்தார்.

காளிச்சாமி மட்டும்தான் அவள் நாக்கைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"டென்ஷனும் இல்லை ஒண்ணும் இல்லீங்கம்மா. உங்க உடம்பே உங்க எச்சில் சுரப்பியைத் தின்னுட்டு இருக்குது. உதட்டுல துளி எடுத்துப் பாத்தாத் தெரிஞ்சுபோகும்."

எடுத்தார், தெரிந்தது, மருந்தும் தொடங்கியது. அந்த மனுசனைக் கும்பிடலாம் போலிருந்தது அவளுக்கு.

(இந்த இடத்தில் அவரைக் கிண்டல் செய்யப் பார்த்தேன். முடியவில்லை. நோயைச் சரியாகக் கண்டுபிடித்தவரை என்ன செய்வது?)

ஒன்றே ஒன்றுதான். தையல் ஆறிய பிறகும் கீழுதட்டின் வலப்பக்கத்தில் அரிசியகலத்துக்கு மரத்தே கிடந்தது. நூலை வைத்தால் வைத்தது தெரியவில்லை. காபி சுட்டதும் தெரியவில்லை. கொப்புளம் வந்த பிறகு கண்ணாடியில் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

4

கீறுவதில் பல கட்சிகள் உண்டு. படுக்கையாகக் கீறுவோர், நெடுக்காகக் கீறுவோர், கீறாமல் வட்டமாகக் குத்தி எடுப்போர். ஒவ்வொரு கட்சிக்கும் அடுத்த கட்சியின் முறைதான் ஆபத்து. உதட்டுக்குள் நூலிழை போல நரம்புகள் ஓடுகின்றன. எந்த முறையிலும் ஒரு இழை அகப்படலாம். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் உணர்ச்சி திரும்பிவிடும், சிலருக்குத் தாமதமாகும், வெகு சிலருக்குத் திரும்பாமலும் போகலாம். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்தால் நல்ல பரிசோதனைதான். (இந்தப் பத்தியின் கடைசி இரண்டு வாக்கியங்களை மலர்க்குழு அடித்துவிட்டது. இங்கே திரும்ப எழுதிவைத்திருக்கிறேன்.)

டாக்டர் காளிச்சாமி படுக்கைக்கும் நெடுக்குக்கும் நடுவே சற்றுச் சாய்த்துக் கீறுகிறார். அந்தச் சாய்வுக்குக் 'கொங்குக் கீறல்' என்று பெயர் வைத்து மாநாடுகளில் படம் போட்டுக் காட்டுகிறார். கடைசிப் படத்தில் 'சிக்கல்கள்: பூஜ்ஜியம்'. அவர் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு நோயாளியையும் அவரே போனில் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்.

"லோகப்பிரியாங்களா? டாக்டர் காளிச்சாமி பேசறனுங்க. உதடு எப்படி இருக்குதுங்க?"

"நீங்களே கூப்புட்டீங்களா டாக்டர்? நல்லாருக்குதுங்க."

"மரமரப்பு, எரிச்சல் ஏதாச்சும்?"

"அதெல்லாம் பரவாயில்லீங்க. நீங்க சாப்ட்டீங்களா?"

விருந்தில் குழம்புக்கு உப்பில்லை என்றால் இந்த ஊரில் யாரும் விருந்து வைத்தவரிடம் சொல்ல மாட்டார்கள். திரும்பும்போது காருக்குள் சொல்லிக்கொள்வார்கள். அவ்வளவு பெரிய டாக்டர் தானே கூப்பிட்டு நலம் விசாரிக்கும்போது அரிசியகல மரப்பை எந்த வாயால் சொல்வது? ஆராய்ச்சி முழுக்க இப்படித்தான் நடந்தது. எல்லோருடைய மரியாதையையும் கூட்டினால் பூஜ்ஜியம் வந்தது.

5

லோகப்பிரியா மறு பரிசோதனைக்குப் போன அன்று டாக்டர் அறையில் இன்னொருத்தி இருந்தாள். கோட்டைமேட்டு சாஜிதா பேகம், மழலைப் பள்ளி டீச்சர். அதே வறட்சி. எதிரே ஒப்புதல் படிவம், கையில் பேனா.

"வாங்கம்மா," என்றார் டாக்டர். "இவங்களுக்கு ஒரே பயம். நீங்களே சொல்லுங்க."

சாஜிதா திரும்பினாள். "ஏனுங்க, உதட்டுல ஒண்ணும் ஆகலீங்களா? நாள் முழுக்கப் புள்ளைகளுக்கு 'ப', 'ம' சொல்லிக் குடுக்கறவ நானு. உதடு போச்சுன்னா பொழப்பு போச்சுங்க."

"பயப்படாமச் சொல்லுங்கம்மா," என்று சிரித்தார் டாக்டர்.

லோகப்பிரியா வாயைத் திறந்தாள்.

6

முடிவு ஒன்று. "நல்லாருக்குதுங்க" என்றாள். சாஜிதா கையெழுத்துப் போட்டாள். கீழே மருத்துவமனையின் தொலைபேசி எண். இது மலரில் வந்துவிட்டது. நன்றாக இருக்கிறது என்றார்கள். யாரும் படித்த மாதிரி தெரியவில்லை.

முடிவு இரண்டு. லோகப்பிரியா எழுந்து நின்று நீதி கேட்டாள். டாக்டர் தலைகுனிந்து...

இல்லை. அவள் அப்படிக் கேட்கிறவள் இல்லை, அவர் அப்படிக் குனிகிறவரும் இல்லை.

முடிவு மூன்று. "நல்லாருக்குதுங்க" என்றாள். மலருக்குப் படம் எடுக்க ஆள் வந்திருப்பதாகச் செய்தி வர, டாக்டர் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனார். சாஜிதா நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"அவரு போயிட்டாரு. இப்பச் சொல்லுங்கக்கா. அவரு முன்னால கேட்டா நானும் இதையேதான் சொல்லியிருப்பேன்."

லோகப்பிரியா சிரித்துவிட்டாள். உதட்டின் வலப்பக்கத்தைத் தொட்டுக் காட்டினாள். "இங்க விரலு வெச்சா விரலுக்குத்தான் தெரியுது. உதட்டுக்குத் தெரியலீங்க."

"பேச்சு?"

"பேச்சுக்கு ஒண்ணுமில்லீங்க. உங்ககூடப் பேசிட்டுத்தான இருக்கறேன்."

"சரியாயிருமுங்களா?"

"தெரியலீங்க. கேக்கோணும்னா மரத்துருக்குதுன்னு சொல்லோணுமல்லோ. இந்த மனுசன் இல்லீன்னா எனக்கு என்ன நோவுன்னே தெரிஞ்சிருக்காது. அவருகிட்டப் போய் எப்படிங்க?"

"அப்ப காலம்பூரா மரத்தே கிடக்கட்டுமா?"

அவள் பதில் சொல்வதற்குள் கதவு திறந்தது. "என்னங்கம்மா, எல்லாம் கிளியர்தானுங்களா?"

"டாக்டர், தப்பா எடுத்துக்காதீங்க," என்றாள் லோகப்பிரியா. "இந்த உதட்டு மரப்பு எப்பச் சரியாகுமுங்க?"

"எந்த மரப்பு?"

"தையல் பிரிச்சதுல இருந்து இருக்குதுங்க."

"போன்ல கேட்டனேம்மா."

"நீங்களே கூப்புட்டுக் கேட்டீங்க. அப்பப் போய் எப்படிங்க சொல்றது?"

டாக்டர் உட்கார்ந்தார். ஒரு குச்சியில் பஞ்சைச் சுற்றி அவள் உதட்டைத் தொட்டார். "தெரியுதுங்களா?" இல்லை. தள்ளித் தொட்டார். "இப்ப?" தெரிந்தது. மறுபடி அந்த இடம். இல்லை. "வரலாம். வராமயும் போகலாம்," என்றார் கடைசியில். கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். பிறகு சாஜிதா பக்கம் திரும்பி, ஒரு காகிதத்தில் உதடு வரைந்து, அதற்குள் நரம்புகளை வரைய ஆரம்பித்தார்.

7

சாஜிதாவுக்கு இப்போது எல்லாம் தெரியும். கீறாவிட்டால் நோயின் பெயர் உறுதியாகாமல் போகலாம். கீறினால் அரிசியகலம் மரக்கலாம், மரக்காமலும் போகலாம்.

அவள் கையெழுத்துப் போட்டாளா என்று கேட்கிறீர்கள். போட்டாள் என்று எழுதினால் மருத்துவமனைக்குச் சந்தோஷம். போடவில்லை என்றால் கூர்மையான கதை என்று நாலு பேர் சொல்வார்கள். இரண்டிலும் உதடு அவளுடையது.

அவள் பேனாவை வைத்துவிட்டு, "கொஞ்சம் யோசிக்கட்டுங்களா?" என்கிறாள். டாக்டர் எழுந்துவிட்டார். லோகப்பிரியாவும் பையை எடுத்துக்கொண்டாள். நீங்களும் எழுந்திருங்கள். கதவை நான் சாத்திவிட்டு வருகிறேன்.