ஏறப்போற விலை

விலைவாசியைக் கட்டுப்படுத்த ரிசர்வ் வங்கி வட்டியை உயர்த்திவிட்டதாக டிவியில் சொன்னார்கள். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு எதிரில் டீக்கடை வைத்திருக்கும் காத்தவராயன் ஆற்றிக்கொண்டிருந்த டீயை அப்படியே நிறுத்தினான்.

"பாத்தியா? வெல ஏறப்போவுதுன்னு அவுங்களுக்கே தெரிஞ்சிருக்கு" என்றான் மனைவி அமிர்தத்திடம்.

"பால் இன்னும் பழைய வெலதான?"

"ஏறுன பொறவு ஏத்துனா நமக்கு என்னா மிச்சம்?"

பன்னிரண்டு ரூபாய் டீ பதினைந்தானது. கடையின் பாதி வியாபாரம் ஆட்டோ ஸ்டாண்டு டிரைவர்கள்தான். மத்தியானமே அவர்கள் மொத்தமாகப் பக்கத்து ரேகா கடைக்குப் போய்விட்டார்கள். அமிர்தம் காலி பெஞ்சைத் துடைத்தாள்.

மறுநாள் காலை அவள் தம்பி இளவரசு புவனகிரியிலிருந்து பால் கொண்டுவந்தான். பாலை இறக்குமுன் ஒரு டீ குடிப்பான். மச்சான் என்றாலும் காத்தவராயன் காசு வாங்கிவிடுவான்.

"என்னா மாமா, பதினஞ்சா?"

"எல்லாம் ஏறப்போவுது மச்சான்."

இளவரசு டீயை முடிக்கும்வரை யோசித்தான். "அப்ப பாலும் லிட்டருக்கு நாலு ரூவா ஜாஸ்தி."

"எதுக்கு?"

"தீவனம் ஏறும்ல."

"ஏறிடுச்சா?"

"டீயே ஏறிடுச்சே மாமா!"

காத்தவராயன் பெருமையாக மனைவி பக்கம் திரும்பினான். "சொன்னேன்ல, பால் ஏறும்னு."

"ஆமா, பெரிய ஜோசியரு. ஸ்டாண்டுக்காரங்க எப்ப வருவாங்கன்னும் சொல்லு."

ரேகா கடைக்கும் இளவரசு பால்தான். சாயங்காலம் அங்கேயும் பதினைந்து. டீக்கே இந்த விலையா என்று டிரைவர்கள் சவாரிக்குப் பத்து ரூபாய் கூட்டினார்கள். ஆட்டோ வாடகை ஏறிவிட்டதென்று கறிகாய்க்காரர்கள் கூட்டினார்கள்.

அமிர்தம் தம்பியிடம் கெஞ்சினாள். "நீ கொறைச்சா நாங்களும் கொறைப்போம்டா. அவுங்க திரும்பி வருவாங்க."

"மொதல்ல மாமாவ கொறைக்கச் சொல்லுக்கா."

"மொதல்ல அவன்" என்றான் காத்தவராயன்.

யாரும் குறைக்கவில்லை. ஆனால் அடுத்த நாள் காலை டிரைவர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள்.

"ரெண்டு டீ போடுண்ணே" என்றான் செந்தமிழ்செல்வன்.

"இன்னொண்ணு யாருக்கு?"

"ரெண்டும் எனக்குத்தான். நாளைக்கி பதினெட்டாமே. இன்னைக்கே குடிச்சிடுறேன்."

"யார் சொன்னது?"

"ஸ்டாண்டுல எல்லாரும் சொல்றாங்க."

எல்லோரும் இரண்டிரண்டு கேட்டார்கள். அமிர்தத்தின் முகம் தெளிந்தது. பத்து மணிக்கே பால் தீர்ந்துபோக, காத்தவராயன் இளவரசுக்கு போன் போட்டு இன்னொரு கேன் கேட்டான்.

"இவ்ளோ கேக்குறீங்க. இன்னும் ஏறுமா மாமா?"

காத்தவராயன் கூட்டத்தைப் பார்த்தான்.

"ஏறும் போலத்தான் இருக்கு மச்சான்" என்றான்.