மடிப்பு மேசையில் ஓர் இடம்

மருத்துவமனைத் துணிகளை வெளுத்துக் கொடுக்கும் அந்தச் சலவைக்கூடத்தில் சூப்பர்வைசரம்மாவுக்கென்று ஒரு கண்ணாடி அறை உண்டு. முன்பெல்லாம் காலையில் அதற்குள் கால் வைக்க இடம் இருக்காது. "அம்மா, இன்னைக்கு என்னை ரோலர்ல போடாதீங்க, சூடு தாங்கல" என்பாள் ஒருத்தி. "மாமியாருக்கு முடியல, மதியம் போகணும்" என்பாள் இன்னொருத்தி. யார் வீட்டில் சண்டை, யார் பிள்ளை பரீட்சையில் கோட்டை விட்டது, எல்லாம் சூப்பர்வைசரம்மாவுக்கு அத்துப்படி. "என் உசிரை வாங்குறதுக்குன்னே வர்றீங்க" என்று அலுத்துக்கொள்வாள். அலுத்துக்கொண்டாளே தவிர, ஒருநாளும் கதவைச் சாத்தியதில்லை.

இப்போது அங்கே ஈ காக்காய் எட்டிப் பார்ப்பதில்லை. யாரைக் குறை சொல்ல? அவளே தேடிக்கொண்டதுதான்.

மாதாமாதம் அதிக விரிப்பு மடித்தவருக்குப் பரிசு என்று முதலில் ஆரம்பித்தவளும் அவள்தான். ஒரு ஃபிளாஸ்க், சுவரில் போட்டோ, ஒரு கைதட்டல். அவ்வளவுதான், ஆளாளுக்குப் பறந்தார்கள். ஈரம் காயாத விரிப்பையெல்லாம் மடித்து அடுக்கினார்கள். கிழிசலை உள்பக்கம் தள்ளி மடிப்பதில் எல்லாரும் கைதேர்ந்துபோனார்கள். மருத்துவமனையிலிருந்து துணி வண்டி வண்டியாகத் திரும்பி வந்தது. முதலாளி வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். பரிசு வாங்கியவளோடு மற்றவர்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

வெறுத்துப்போய்ச் சூப்பர்வைசரம்மா பரிசுத் திட்டத்தையே தூக்கி எறிந்தாள். எல்லாரையும் கூப்பிட்டு, "யார் எங்க நிக்கணும், யாருக்கு எப்ப லீவு, எந்தத் துணிய திரும்ப மெஷின்ல போடணும், எல்லாத்தையும் நீங்களே பேசி முடிவு பண்ணுங்க. நான் குறுக்க வரமாட்டேன்" என்றாள். யார் நம்பினார்கள்? ரோலரில் இன்றைக்கு யார் என்று கேட்டுக்கொண்டு மறுநாளே வந்தார்கள். "என்னை எதுக்குக் கேக்குறீங்க?" என்று திருப்பி அனுப்பினாள். அப்படி அனுப்பி அனுப்பித்தான் பழக்கினாள். மெல்ல மெல்ல, இயந்திரங்கள் ஓடத் தொடங்குமுன் மடிப்பு மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள். ஈரத்துணி திரும்ப உலர்த்தப் போனது. கிழிசலைத் தைக்க அவர்களே ஆள் வைத்தார்கள். திரும்பி வரும் வண்டி நின்றேபோயிற்று. முதலாளி கூப்பிட்டு வாயாரப் புகழ்ந்தார்.

எல்லாம் சரி. அவளோடு பேசத்தான் நாதியில்லை.

வீட்டிலும் அதே கதிதான். கணவர் போய்ச் சேர்ந்த பிறகு அங்கே டிவிதான் பேசுகிறது. வெளிநாட்டில் இருக்கும் மகள் ஞாயிற்றுக்கிழமை போன் போட்டு "சாப்டியாம்மா?" என்பாள், பதில் சொல்வதற்குள் பிள்ளையை அதட்டப் போய்விடுவாள். சலவைக்கூடத்தில் காலையில் மேசைப் பக்கமிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கும்போது இவளுக்கு வயிறு எரியும். என்னதான் அப்படிச் சிரிக்கிறார்கள், பாவிகள்.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் எழுந்து போனாள். சிரிப்பு சட்டென்று அடங்கிற்று. எல்லாரும் எழுந்து நின்றார்கள்.

"என்னம்மா, ஏதாச்சும் தப்பாயிடுச்சா?" என்று கேட்டார் ரோலர்காரர். ஈரத்துணியை அழுத்தித் தேய்க்கும் அந்தச் சூட்டு உருளையோடு பாதி ஆயுளைக் கழித்தவர்.

"தப்பெல்லாம் ஒண்ணுமில்ல." மேசையில் கிடந்த விரிப்பின் ஓரத்தை நீவிவிட்டாள். "தினம் பேசுறீங்கல்ல, நானும் கூட உக்காரலாமான்னு..."

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "பேசிட்டு சொல்றோம்மா" என்றாள் ஒருத்தி. குரல் கட்டையாக இருப்பதால் அவளுக்குக் கட்டைக்குரல் என்றே பெயர். எந்தத் தூதுக்கும் அவளைத்தான் அனுப்புவார்கள்.

சூப்பர்வைசரம்மா அறைக்குத் திரும்பிக் காத்திருந்தாள். கை வேலை செய்வதுபோல் பாவனை பண்ணியது, காது மட்டும் அங்கே கிடந்தது. கட்டைக்குரல் வந்து கதவோரம் நின்றாள்.

"தப்பா நினைச்சுக்காதீங்கம்மா. வேணாம்னு முடிவாயிடுச்சு."

"ஏன்?"

"நீங்க உக்காந்தா எல்லாரும் உங்க முகத்தப் பாத்துதான் பேசுவோம். ரோலர்காரர் போன வாரம் கை நடுங்குது, வேற வேலைக்கு மாத்துங்கன்னு அழுதுட்டார். நீங்க இருந்திருந்தா சொல்லியிருப்பாரா?"

அவருக்குக் கை நடுங்குகிறதா? அவர் இப்போது தள்ளுவண்டி தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்திருந்தாள்தான். ஏதோ முறை மாற்றிக்கொண்டார்கள் என்று நினைத்தாள். முன்பு தினமும் இவள் வாசலில் நின்று மூட்டுவலியிலிருந்து மருமகன் வரைக்கும் பேசிய மனிதர், இதை மட்டும் வாய் திறந்து சொன்னதில்லை.

"உங்களுக்குப் பிடிக்கலன்னா பழையபடி நீங்களே எல்லாத்தையும் பாத்துக்கோங்கம்மா" என்றாள் கட்டைக்குரல், தலையைக் குனிந்துகொண்டு. "நாங்க மறுபேச்சு பேசமாட்டோம்."

'சரி' என்று ஒரு சொல் சொன்னால் போதும். நாளைக் காலையிலேயே வாசல் நிறைந்துவிடும். மாமியார், மருமகன், பரீட்சை, எல்லாம் திரும்பி வந்துவிடும். சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நடுங்கும் கை மட்டும் வராது என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

"நான்தான் குறுக்க வரமாட்டேன்னு சொன்னேன்ல," என்றாள். "உங்க முடிவுதான். போய் வேலையப் பாரு."

கட்டைக்குரல் போனாள். போனாளா, ஓடினாள். கண்ணாடி வழியே பார்த்தாள் சூப்பர்வைசரம்மா. மேசையைச் சுற்றி ஒருவர்கூட உட்காரவில்லை. இத்தனை நேரமும் இந்த அறையையே பார்த்தபடி நின்றிருக்கிறார்கள். கட்டைக்குரல் ஏதோ சொன்னதும் ஒருத்தி நெஞ்சில் கை வைத்துக்கொண்டு தொப்பென்று உட்கார்ந்தாள். ரோலர்காரர் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

கொடுத்ததைத் திரும்பப் பிடுங்கிக்கொள்வாள் என்று பயந்திருக்கிறார்கள். கூட உட்கார இடம் கேட்டுப் போனவளைப் பார்த்து!

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தன் முகம் அவர்கள் கண்ணில் பட்டுவிடப்போகிறதே என்று, நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்து அழுதாள்.