கேன்டீன் எந்தப் பக்கம்?

"டீச்சர், இடது பக்கம்னா இடது பக்கம்தான். பதினெட்டு வருஷம் அங்க நின்னு டீ போட்டவ நானா, இந்த ஆணியா?"

"அக்கா, நான் சொல்லல. பிளான் சொல்லுது."

"உன் பிளான் என்னைக்காவது என்கிட்ட வந்து டீ குடிச்சிருக்கா?"

அந்த வருஷத்துச் சனிக்கிழமைகளை நினைத்தால் முதலில் இந்தச் சண்டைதான் காதில் விழுகிறது. அப்புறம்தான் முகங்கள் வரும், மேசை வரும், பெயின்ட் வாடை வரும்.

மேசை என்னுடையது. மாடியில் தையல் பள்ளி நடத்திக்கொண்டிருந்தேன். துணி வெட்டுகிற அந்த நீள மேசையைப் பற்றி யாரோ சொல்லித்தான் பல் டாக்டர் படியேறி வந்தார்.

"சனிக்கிழமை மத்தியானம் மட்டும் போதும்மா. ஏழெட்டு பேர் வருவோம். சின்னச் சின்னதா கப்பல், விமானம், ரயில் செய்வோம். சத்தமே வராது."

"குழந்தைங்களுக்கா?"

"இல்லம்மா. எங்களுக்கு."

சத்தம் வராது என்றாரே, அது சுத்தப் பொய். முதலில் மேசை கேட்டார்கள், பிறகு விளக்கு, பிறகு அலமாரியில் ஒரு தட்டு, கடைசியில் சாவி. பெயின்ட் வாடை தாங்காமல் ஒருநாள் கத்திவிட்டு வரலாம் என்று போனேன். டாக்டர் ஒரு பாய்மரக் கப்பலை என் முன்னால் நகர்த்தி, "இதுக்குக் கயிறு கட்டணும். எங்க யாருக்கும் விரல் வணங்கல" என்றார். கத்த வந்ததை மறந்து உட்கார்ந்தேன். எழுந்தபோது விளக்கு வைத்திருந்தார்கள், முதுகு பிடித்திருந்தது. அடுத்த வருஷம் சங்கத்துக்கே நான் தலைவி. தலைவி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கதவைத் திறக்கிறவள், பசை டப்பாவை மூடாதவனைத் திட்டுகிறவள், கண்காட்சிக்கு ஹால் கேட்டு அலைகிறவள், தரையில் சிந்திய தையல் ஊசியையும் கப்பல் ஆணியையும் ஒரே காந்தத்தால் பொறுக்கிப் பிரித்துக் கொடுக்கிறவள்.

ஆணி என்று நாங்கள் கூப்பிட்டது இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்த்த ஒரு தம்பியை. நிஜக் கப்பலில் எத்தனை ஆணியோ, அத்தனையும் மாடலிலும் இருக்க வேண்டும் அவனுக்கு. யாராவது மாதக்கணக்கில் கண்ணைக் கெடுத்துக்கொண்டு செய்ததைத் தூக்கிக் காட்டி "எப்படி இருக்கு?" என்று கேட்டால், குனிந்து பார்த்துவிட்டு, "அழகா இருக்குங்க. ஆணிதான் கம்மி" என்பான். பெயர் ஒட்டிக்கொண்டது. அவனும் அதைப் பட்டம் மாதிரிதான் வைத்துக்கொண்டான்.

அந்த வருஷம் எல்லாரும் சேர்ந்து ஒரே மாடல் செய்வது என்று முடிவானது. பாலம் வருவதற்கு முன்னால் ஆற்றில் ஓடிக்கொண்டிருந்த ஃபெரி. எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவு. பலகை, பிளான், பெயின்ட் டப்பா எல்லாம் சேர்ந்து மேசையில் முக்கால்வாசியை அடைத்துக்கொண்டன.

அந்த ஃபெரியில் போகாத ஆள் எங்கள் வயதில் கிடையாது. போகும்போதும் முகம், வரும்போதும் முகம், முதுகே இல்லாத கப்பல். அக்கரை போய் நின்றதும் திரும்பாது. பின்னால் இருந்தது முன்னாலாகி அப்படியே கிளம்பி வந்துவிடும். என்ஜின் உறுமினால் டீ கிளாசுக்குள் டீ நடுங்கும். நனைந்த கயிற்று வாடை. கம்பியோரம் நின்று தலைமுடியைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டு யாரையோ பார்ப்பது மாதிரி யாரையும் பார்க்காமல் நிற்கிற இளவட்டங்கள். என் வீட்டுக்காரரை முதல்முதலாக நான் பார்த்ததும் அதில்தான். அவர் சாகிறவரைக்கும், "அது நானா இருக்காது, நான் பஸ்லதான் போவேன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

அதில் கேன்டீன் நடத்தியவர்கள் அக்காவும் அவள் கணவரும். பாலம் வந்தது, ஃபெரியை உடைத்து இரும்புக்குப் போட்டார்கள், சில வருஷத்தில் அவரும் போனார். நாங்கள் ஃபெரி செய்கிறோம் என்று கேள்விப்பட்டு ஒரு சனிக்கிழமை பொட்டலத்தில் பன்னோடு வந்து நின்றாள். அடுத்த வாரம் நாற்காலி கேட்டாள். மூன்றாவது வாரம் வேலை வாங்கத் தொடங்கிவிட்டாள்.

"மணி இவ்வளவு பளபளன்னு இருக்காது. ஈரக்கையால அடிச்சு அடிச்சு பச்சை பூத்திருக்கும்."

"பெஞ்சை ஏன் பழுப்பு அடிக்கிற? சாம்பல் கலரு. என் வீட்டுக்காரர்தான் அடிச்சாரு, மிச்சத்தை எங்க வீட்டுக் கதவுக்கும் அடிச்சோம்."

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டோம். மாட்டிக்கொண்டது கேன்டீன் விஷயத்தில். ஃபெரி கட்டிய பட்டறையிலிருந்து ஆணி வாங்கி வந்த பிளானில் கேன்டீன் வலது பக்கம். அக்கா இடது பக்கம் என்றாள். பல் டாக்டரும், "எனக்கும் வலதுன்னுதான் ஞாபகம்" என்றார். ஆணி ஃபெரியில் ஏறினதே இல்லை. பாலம் வந்தபிறகு இந்த ஊருக்கு வந்தவன். என்னைக் கேட்டார்கள். எனக்கு டீ ஆவிதான் ஞாபகம் இருந்தது, பக்கம் இல்லை.

வெறும் விளையாட்டுச் சண்டை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் படியில் இறங்கும்போது அக்கா கைப்பிடியைப் பிடித்தபடி நின்றுவிட்டாள்.

"டீச்சர், என் பையன் என்னைக் கூட்டிட்டுப் போறேங்கறான்."

"எங்க?"

"அவன் ஊருக்கு. ரெண்டு தடவை அடுப்புல பாலை வெச்சுட்டு மறந்துட்டேன். சாவியைக் கதவுலயே விட்டுட்டுக் கடைக்குப் போயிட்டேன். உனக்கு ஞாபகம் போகுதும்மா, தனியா இருக்க வேண்டாங்கறான்."

"அவன் சொல்றதும்..."

"பால் நிஜம். சாவியும் நிஜம். நான் இல்லேங்கல." குரல் இறங்கியது. "ஆனா அந்தக் கேன்டீனும் தப்புன்னா அப்புறம் எனக்குன்னு என்ன மிச்சம் இருக்கு, சொல்லு. நான் நின்ன இடமே எனக்குத் தெரியலேன்னா அவன் சொல்றது சரிதான். பேசாம கிளம்பிடுவேன்."

அடுத்த வாரம் ஆணியை ஜன்னலோரம் தள்ளிக்கொண்டு போனேன்.

"ஏம்பா, அந்தக் கேன்டீனைத் தூக்கி இடது பக்கம் வெச்சுடேன். யாருக்குத் தெரியப் போகுது?"

"அக்காவுக்குத் தெரியும்."

"அவங்கதானே இடதுங்கறாங்க!"

"நான் பிளானை விட்டுட்டு மாத்தி வெச்சா, பாவம் பார்த்து வெச்சேன்னு தெரிஞ்சுடும் டீச்சர். என்னை அவங்களுக்குத் தெரியாதா?" கையிலிருந்த இடுக்கியைத் திறந்து திறந்து மூடினான். "ஒவ்வொரு நாளும் அந்தப் பிளானைப் பார்க்கிறேன். தப்பா இருக்கக் கூடாதான்னுதான் பார்க்கிறேன். மாட்டேங்குது."

கண்காட்சிக்கு முந்தின நாள். பலகையில் எங்கள் கரையின் படகுத்துறை தயார். தண்ணீருக்காக ஊற்றிய பிசின் கண்ணாடி மாதிரி உறைந்து, நடுவில் ஃபெரி உட்கார ஒரு குழி விட்டிருந்தது. ஆற்றைப் பார்த்து முன்பக்கம் இருக்கும்படி ஃபெரியை அதில் வைத்துப் பார்த்தோம். பசை போட வேண்டியதுதான் பாக்கி.

அப்போது படியேறி வந்தான் அக்காவின் மகன். தலையில் லேசாக வழுக்கை, சட்டைப் பையில் கார் சாவி. கண்காட்சி முடிந்ததும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகத் தயாராக வந்திருந்தான்.

"மன்னிக்கணும், அம்மாவைப் பார்க்க..." என்று தொடங்கியவன் மேசையைப் பார்த்ததும் நிறுத்திவிட்டான். "அட! நம்ம ஃபெரி!"

பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி தரையில் குந்தினான். "மணியெல்லாம் வெச்சிருக்கீங்க! கேன்டீன் எங்க... ஆங், இதோ. வலது பக்கம். கரெக்டா வெச்சிருக்கீங்களே!"

பெயின்ட் அடிக்கிற காற்று மோட்டார் மட்டும் மூலையில் உர்ர் என்றது.

"என்னடா சொன்ன?" என்றாள் அக்கா.

"வலது பக்கம்தானேம்மா. ஸ்கூல் விட்டு ஓடி வந்து ஏறினா வலது பக்கம் நீ நிப்ப. பையைத் தூக்கி உன் மேல வீசுவேன். அப்பா திட்டுவாரு."

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். மாட்டிக்கொண்டு ஃபெரியைப் பார்த்தாள். மறுபடி கழற்றினாள்.

"பெட்டி கொண்டாந்திருக்கியா?"

"கார்ல இருக்கும்மா. காலி அட்டைப்பெட்டி நிறைய வாங்கிட்டு வந்தேன்."

"சரி வா. போய்க் கட்ட ஆரம்பிக்கலாம்."

ஆணி என்னைப் பார்த்தான். பிளான் போட்டதே தான்தான் என்பது மாதிரி. டாக்டர் பெயின்டே படாத தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தார். அக்கா வாசல்வரை போனாள். நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திரும்பினாள்.

"டேய். உன் ஸ்கூல் எங்க இருந்துச்சு?"

"அக்கரையிலம்மா."

"ஓடி வந்து ஏறினது?"

"அக்கரையிலதான்."

"ஏறும்போது உன் மூஞ்சி எந்தப் பக்கம் பார்க்கும்?"

"இந்தக் கரையை. நம்ம வீட்டுப் பக்கம்."

"காலையில நான் இங்க ஏறுவேன். என் மூஞ்சி?"

பதில் சொல்லக் கையைத் தூக்கினான். கை அந்தரத்திலேயே நின்றது.

"அடக் கடவுளே!" டாக்டர் தூரிகையைப் போட்டார். "நானும் அக்கரைக்காரன்தானே! வாழ்நாள் பூரா அடுத்தவன் வாய்க்குள்ள எட்டிப் பார்த்து, உங்களுக்கு இடது எனக்கு வலதுன்னு சொல்லிட்டிருக்கேன். எனக்கே புத்தி போச்சே!"

ஆணி பிளானை வெளிச்சத்தில் விரித்தான். "இங்க முன்பக்கம்னு ஒரு அம்பு போட்டிருக்கு. முன்பக்கம்னா ஆத்தைப் பார்த்துத்தானே இருக்கும்னு..."

"ரெண்டு பக்கமும் முகம் இருக்கிற கப்பலுக்கு முன்பக்கம் எதுப்பா?" என்றேன். "படம் போட்டவன் ஏதோ ஒரு முனையில அம்பைப் போட்டுட்டான். நாமதான் முன்பின் மாத்தி வெச்சிருக்கோம்."

ஆணி இரண்டு கையாலும் ஃபெரியைத் தூக்கினான். மூச்சை அடக்கிக்கொண்டு அரைவட்டம் திருப்பி, அதே குழியில் இறக்கினான். இரண்டு முனையும் ஒரே வடிவம், கச்சிதமாக உட்கார்ந்தது. ஒரு ஆணிகூட இடம் மாறவில்லை. எங்கள் கரையிலிருந்து ஏறினால் கேன்டீன் இப்போது இடது பக்கம்.

அக்கா கிட்டே வந்தாள். பலகை மட்டத்துக்குக் கன்னத்தை இறக்கி, படகுத்துறையிலிருந்து உள்ளே பார்த்தாள்.

"ம். இப்ப ஏறலாம்" என்றாள்.

மகன் தலையைச் சொறிந்தான். "அம்மா, இது வேற, அடுப்பு வேற."

"வேறதான். பால் போயிருக்கு, சாவி போயிருக்கு. மத்ததெல்லாம் இருக்குடா. மொத்தமா போச்சுன்னு சொன்னியே, அதை வாபஸ் வாங்கு."

"வாங்கிட்டேன். ஆனா அடுப்பு?"

"தினம் அடுப்பை அணைச்சியான்னு டீச்சர் போன் பண்ணிக் கேக்குறேன்னு சொல்லியிருக்கா."

"நானா? எப்பக்கா சொன்னேன்?"

"இப்ப சொல்ற."

அவன் என்னைப் பார்த்தான். ஃபெரியைப் பார்த்தான். "எத்தனை மணிக்குப் பண்ணுவீங்க டீச்சர்?"

"எட்டு மணிக்கு" என்று என் வாயிலிருந்து தானாக வந்தது.

"ஒருநாள் எடுக்கலேன்னா?"

"நானே போய்க் கதவைத் தட்டுறேன். ரெண்டு தெரு தள்ளித்தான் வீடு."

"சரி. கொஞ்ச நாள் பார்க்கலாம்" என்று அவன் வாசல் பக்கம் திரும்பினான்.

"எங்க கிளம்பிட்ட?" என்றாள் அக்கா. "அந்த அட்டைப்பெட்டியெல்லாம் மேல கொண்டா. நாளைக்கு இத்தனை மாடலையும் எதுல எடுத்துட்டுப் போறதுன்னு இவங்க முழிச்சிட்டிருக்காங்க. அடிப்பக்கம் டேப்பை நல்லா இழுத்து ஒட்டு. உங்க அப்பா மாதிரி சும்மா தடவிட்டு வராத."

அதற்கப்புறம் கடைசிவரைக்கும் அவள் அவளுடைய வீட்டில்தான் இருந்தாள். தினமும் எட்டு மணிக்குப் போன் செய்வேன்.

"அணைச்சாச்சா அக்கா?"

"அணைச்சாச்சு. நீ அணைச்சியா?"

"நான் அப்பவே... இருங்க, வரேன்."

போனை மேசைமேல் வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். நான் வருகிறவரைக்கும் அந்தப் பக்கம் அவள் தனக்குத்தானே பேசிக்கொண்டிருப்பது கேட்கும்.