படகின் வயிற்றுத் தண்ணீர்

1

இந்தக் கதை ஒரு தொலைபேசி அழைப்பிலிருந்து திருடியது. படகு விற்கும் நிறுவனம் ஒன்றின் உதவி எண்ணில் இரவு வேலை பார்த்தேன். எனக்கு இரவு, அழைப்பவர்களுக்குப் பட்டப்பகல். ஒருவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "தொட்டியில இருக்கிற தண்ணிய வெளிய யாருக்கும் தெரியாம இறக்க முடியுமா?" முடியாது என்றேன். "சரி" என்று வைத்துவிட்டார். பிறகு அந்த வேலையை விட்டேன். கேள்வி மட்டும் கூடவே வந்துவிட்டது.

இனி வருவதெல்லாம் கற்பனை. நான் படகில் ஏறியதே இல்லை. கையேட்டைப் படித்திருக்கிறேன், அவ்வளவுதான்.

2

முதல் தொடக்கம்: 'ஏரி கண்ணாடிபோல் கிடந்தது. அவள் மனம் மட்டும்'

வேண்டாம். எல்லாக் கதையிலும் ஏரி கண்ணாடிபோல்தான் கிடக்கிறது.

இரண்டாவது: ஒரு கணவனும் மனைவியும் படகு வாங்கப் போனார்கள்.

இது தேவலாம். கணவர் காப்பீட்டு மதிப்பீட்டாளர். உடைந்த பொருளைப் பார்த்து, எப்படி உடைந்திருக்கும் என்று எழுதுவது அவர் பிழைப்பு. மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே, படகு இழுக்கும் கயிற்றைப் பிடித்து ஒற்றைப் பலகையில் நீர்ச்சறுக்குகிறவள். போன வருடம் விழுந்ததில் முழங்கால் தசைநார் அறுந்தது. அறுவைச் சிகிச்சை, ஊன்றுகோல் எல்லாம் முடிந்து, "இனிமே உங்க இஷ்டம்" என்றார் மருத்துவர். அவள் அதை அனுமதியாக எடுத்துக்கொண்டாள், கணவர் எச்சரிக்கையாக. பழைய படகை விற்றாயிற்று. அவள் மறுபடி சறுக்கலாமா கூடாதா என்ற சண்டையை, எந்தப் படகு வாங்கலாம் என்ற பேச்சாக இருவரும் மாதக்கணக்கில் நடத்தினார்கள்.

(சறுக்குவதற்கும், அகலப் பலகையில் அலைமேல் எகிறிக் குதிக்கிற வேக்போர்டுக்கும் ஒரே படகு போதாதா என்பீர்கள். சறுக்குகிறவருக்குப் படகின் பின்னால் அலையே கூடாது. இடமும் வலமுமாக வெட்டிக்கொண்டு போகவேண்டும். வேக்போர்டுக்காரருக்கோ அலைதான் எல்லாம். அதற்காகப் படகுக்குள் தொட்டி வைத்து, ஏரித் தண்ணீரையே ஏற்றிப் பின்பக்கத்தை அமுக்குவார்கள். இரண்டுக்கும் ஆகும் என்று விற்கிற படகு இரண்டு பேரையும் ஏமாற்றும்.)

"இதுல பாட்டு, விளக்கு, சாய்மானம் எல்லாம் இருக்கு மேடம்," என்றார் விற்பனையாளர்.

"சோபா வாங்கணும்னா நான் வேற கடைக்குப் போயிருப்பேனே."

"குடும்பமா உக்காரலாம்ல," என்றார் கணவர்.

"எந்தக் குடும்பம்? நீங்க, நான், என் தங்கச்சி. அவ ஒருத்தி உக்காந்தாலே நிறைஞ்சிடும்."

"நான் இங்கதான்க்கா நிக்கிறேன்," என்றாள் தங்கை.

"தொட்டி காலியா இருந்தா இதுலயும் சறுக்கலாம் மேடம்," என்றார் விற்பனையாளர். "எடுத்துட்டுப் போய்ப் பாருங்க."

3

கணவரைத் தூக்கி எறியலாமா என்று யோசித்தேன். முதலில் பொறாமைக்காரராக எழுதினேன். ஒரு பக்கத்துக்கு மேல் நகரவில்லை. பிறகு ரொம்ப நல்லவராக்கினேன். மனைவியின் காலுக்கடியில் தலையணை வைத்துவிட்டு விடியவிடிய விழித்திருந்தார், எனக்கே குமட்டியது. அடித்துவிட்டேன். இப்போது இருப்பவர் பயந்தவர், வேறொன்றுமில்லை. பயந்தவர்கள் செய்கிற கெட்டிக்காரத்தனம் ஒன்றைச் செய்தார்.

அவள் உடை மாற்றப் போயிருந்தாள். விற்பனையாளர் கரையில் அடுத்த ஆளை வளைத்துக்கொண்டிருந்தார். கணவர் பம்பைத் தட்டித் தொட்டிகளை நிரப்பினார்.

திட்டம் எளிது. படகு கனமாக இழுக்கும். அவள் கொஞ்ச தூரம் நேராகப் போய்ப் பார்த்து, 'தூ, இதெல்லாம் ஒரு படகா' என்று கயிற்றை விடுவாள். பலகை பரணுக்குப் போகும். முழங்கால் பிழைக்கும்.

4

பின்னால் தண்ணீரில், கயிற்றின் நுனியைப் பிடித்தபடி அவள். ஸ்டீயரிங்கில் அவர். எதிரே, பின்பக்கம் பார்த்து மச்சினி. ஓட்டுகிறவர் முன்னால் பார்க்கவேண்டும், இன்னொருவர் சறுக்குகிறவரையே பார்த்துச் சொல்லவேண்டும் என்பது இந்த விளையாட்டின் விதி. ஆகவே அவரால் மனைவியின் முகத்தைப் பார்க்க முடியாது. (எனக்கும் வர்ணிக்கிற வேலை மிச்சம்.)

"மாமா, அக்கா கையக் காட்டுறா."

"என்னன்னு?"

"இந்தப் பக்கம், அந்தப் பக்கம். குறுக்க வெட்டப் போறாளாம். மொத இழுப்புலயே! திமிரப் பாருங்க."

நேராகப் போவாள் என்றல்லவா நினைத்திருந்தார்? குறுக்கே வெட்டினால், அந்த வேகத்தில், தொட்டித் தண்ணீர் எழுப்பும் அலை ஒரு சுவர். அறிக்கையே மனதில் ஓடியது: 'வலது முழங்கால், மீண்டும். காரணம்'

தண்ணீரை இறக்கிவிடலாம், விசை கைக்கெட்டும் தூரத்தில்தான். ஆனால் இறக்கினால் படகின் விலாவிலிருந்து, மிதந்துகொண்டிருக்கும் அவள் கண்ணெதிரே, பொதபொதவென்று கொட்டும். சீக்கிரம் நிற்கவும் நிற்காது. ஸ்டீயரிங் பக்கத்தில் ஓர் உதவி எண் ஒட்டியிருந்தது. அழைத்தார். நான் எடுத்தேன். என்ன சொன்னேன் என்பது உங்களுக்குத் தெரியும்.

"இப்ப யாருக்கு மாமா போனு?"

"கம்பெனிக்கு."

"நல்லாருக்கு. அங்க அவ விறைச்சுப் போயிட்டிருக்கா."

"என்னங்க!" தண்ணீரிலிருந்து குரல் வந்தது. "படக எடுங்க!"

5

ஒரு முடிவு: எஞ்சின் சரியில்லை என்று சொல்லி இழுக்காமலே கரைக்குத் திருப்புகிறார். மச்சினி நம்புவாள். மனைவி நம்பமாட்டாள்; 'பிரேக் பிடிக்கல மேடம்' என்ற பொய்யைப் பயிற்சிக் காரில் தினமும் கேட்கிறவள்.

இன்னொன்று: அவள் அலையை அநாயாசமாகத் தாண்டிவிடுகிறாள். இல்லை. இவரை அவ்வளவு மலிவாகத் தப்பவிட எனக்கு மனமில்லை.

வேறொன்று: விழுகிறாள். இதை எழுத மூன்று தடவை உட்கார்ந்தேன். 'கயிறு விறைத்தது, அவள்' என்பதோடு நிற்கிறது.

(ஒன்றைத் தாமதமாகத்தான் கவனித்தேன். தொட்டி நிறைந்தால் பின்பக்கம் தாழும். தண்ணீரில் கிடப்பவளுக்கு அது கண்மட்டம். நான் கடைசிப் பிரதியில் பார்த்ததை அவள் முதல் பிரதியிலேயே பார்த்திருப்பாள். அப்படியானால், தெரிந்துகொண்டேதான் 'எடுங்க' என்று)

6

அவருடைய ஒரு கை வேகப்பிடியில். மற்றொரு கை பம்ப் விசைமேல். முடியாது என்று சொன்னதோடு என் வேலை தீர்ந்தது; நான் அந்த இருக்கையில் உட்காரப்போவதில்லை. நீங்கள் உட்காருங்கள். திரும்பிப் பார்க்கக் கூடாது, அது விதி. எந்தக் கை என்று மட்டும் முடிவு செய்யுங்கள்.

"மாமா," என்கிறாள் மச்சினி. "அக்கா உங்களப் பாக்கல. படகத்தான் பாத்துட்டிருக்கா. ஒரு மாதிரி சிரிக்கிறா."